இறந்தவரோடு உறவைத் தொடர்வது எப்படி? புதிதாக ஒருவரை இழந்தவர்களுக்கு

ஒருவர் இறந்து சில வாரங்கள் ஓடியதும் சுற்றியிருப்பவர்கள் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்: "போனவங்க போயிட்டாங்க, இனி ஆக வேண்டியதைப் பாரு." நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் கேட்பவருக்கு, அந்த ஆளை மனசிலிருந்தும் காலி செய்யச் சொன்ன மாதிரி இருக்கும். காலி செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இறந்தவரோடு உறவு தொடரலாம். நிறையப் பேருக்கு அது தானாகவே தொடரத்தான் செய்கிறது. எப்படித் தொடர்ந்தால் துணையாக இருக்கும், எப்படித் தொடர்ந்தால் பாரமாகிவிடும் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்ய வேண்டும் என்றில்லை, முதல் வேலையைத் தவிர.

கொஞ்சம் பின்னணி தெரிந்துகொண்டால் நல்லது. பற்றை அறுத்துக்கொண்டு நகர்ந்தால்தான் துக்கம் முடியும் என்ற எண்ணத்துக்குப் பெரிய வேர், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃபிராய்ட் 1917-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை. 1920 ஜனவரியில் அவருடைய மகள் சோஃபி இன்ஃப்ளூயன்சாவில் இறந்துபோனார். 1929-ல், மகனைப் பறிகொடுத்த நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில் ஃபிராய்டே வேறு மாதிரி பேசுகிறார். அந்த இடத்தை எது நிரப்பினாலும் அது வேறொன்றாகத்தான் இருக்கும், அப்படி இருப்பதே சரி, விட மனமில்லாத அந்த அன்பு தொடர அதுதான் வழி என்பது அவர் எழுதியதன் சாரம். கடிதம் எழுதிய நாள், சோஃபி உயிரோடு இருந்திருந்தால் 36 வயது ஆகியிருக்கும் நாள்.

1996-ல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இறந்தவரோடு தொடரும் உறவைப் பற்றித் தொகுத்த நூல் வந்த பிறகு, "தொடரும் பிணைப்பு" என்ற பேச்சு துக்க ஆலோசகர்களிடையே சாதாரணமாகிவிட்டது. துக்கத்தில் இருப்பவருக்கு நான்கு வேலைகள் உண்டு என்று வகுத்த உளவியலாளர் வில்லியம் வோர்டன், நான்காவது வேலையைப் பிற்பாடு திருத்தி எழுதினார்: புது வாழ்க்கைக்குள் நுழையும்போதே இறந்தவரோடு நிலைத்த ஒரு தொடர்பைக் கண்டுகொள்வது. எனவே "இன்னுமா அவரையே நினைச்சுட்டிருக்கே?" என்று யாராவது கேட்டால் குற்றவாளி மாதிரி தலைகுனிய வேண்டியதில்லை.

முதலில் குரல்

மற்றதெல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது. முகத்துக்குப் புகைப்படங்கள் இருக்கின்றன. சீக்கிரம் மங்குகிறது என்று பலரும் சொல்வது குரலைத்தான்.

அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைத் தேடுங்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது. "சேர்ந்துட்டியா? சரி சரி, வச்சிடறேன்" என்று ஐந்து நொடியில் முடிந்துவிடும். பின்னால் ஒரு மின்விசிறிச் சத்தம், யாரையோ "ஏய், கதவைச் சாத்து" என்று பாதிக் குரலில் சொல்வது, வைப்பதற்கு முன் ஒரு சின்ன இருமல். எடுத்து வைக்க வேண்டியது இதைத்தான். மேடையில் பேசியதும் கல்யாண வீடியோவில் கேமராவைப் பார்த்துச் சிரித்ததும் எப்படியும் யாரிடமாவது இருக்கும். இது உங்கள் போனில் மட்டும்தான் இருக்கும்.

சேமிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்பாட்டில் இல்லாவிட்டால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். உங்கள் போனில் உள்ள உரையாடல் அதனால் அழியாது, ஆனால் அவர் வைத்திருந்த முகப்புப் படம் போய்விடும். அதை இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். குரல் பதிவுகளைச் செயலிக்குள்ளேயே விட்டுவைக்காமல் தனிக் கோப்பாக வெளியே எடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள்: ஒன்று கிளவுட், இன்னொன்று பென் டிரைவோ கணினியோ. போன் மாற்றும்போது பேக்கப் சரியாக வராமல் எல்லாம் போனவர்கள் நிறைய. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதியும் சந்தர்ப்பமும் சேர்த்து எழுதிவிட்டால், பின்னால் தேவைப்படும்போது இருநூறு கோப்பைத் திறந்து பார்க்க வேண்டாம்.

குரல் பதிவே இல்லை என்று தோன்றினால், அவர் எடுத்த வீடியோக்களைப் பாருங்கள். எடுத்தவர் முகம் தெரியாது. "இந்தப் பக்கம் பாரு, சிரி" என்ற குரல் இருக்கும். உறவினர்களிடமும் கேளுங்கள்.

கூகுள் கணக்கு இரண்டு ஆண்டு தொடப்படாமல் இருந்தால் நீக்கப்படலாம். படங்கள் அதில்தான் இருக்கின்றன என்றால் காலண்டரில் குறித்து வையுங்கள். ஃபேஸ்புக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லி விண்ணப்பிக்கலாம். மாற்றியதும் பெயருக்கு அருகே ஒரு நினைவுச் சொல் வந்துவிடும், அதற்குப் பிறகு யாரும் அதில் நுழைய முடியாது. சிம் எண்ணைச் சும்மா விட்டால் ஒருநாள் வேறொருவருக்குப் போய்விடும். அவர் எண்ணுக்கு நீங்கள் அனுப்பும் "இன்னைக்கு உன் ஞாபகம்" யாரோ ஒருவர் கைக்குப் போகும். தொடர்ந்து எழுத ஆசைப்பட்டால், எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வேறு இடத்தில் எழுதுங்கள்.

சேமித்த அன்றே கேட்க வேண்டும் என்பதில்லை. எடுத்து வைத்துவிட்டு ஒரு வருஷம் கழித்துக் கேட்பவர்களும் உண்டு.

பேச ஒரு இடம், ஒரு நேரம்

இறந்தவரோடு பேசலாமா? தாராளமாக. சத்தமாகவோ மனசுக்குள்ளோ, படத்துக்கு முன்னாலோ வண்டி ஓட்டும்போதோ. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு இடமும் ஒரு நேரமும் ஒதுக்கிக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. புதுத் துக்கம் தனக்கென்று இடம் கொடுக்காவிட்டால் வீடு முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் சொன்னது இங்கே உதவும். துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார், அந்தப் போக்குவரத்துதான் அவரைத் தேற்றுகிறது என்றார்கள். ஒரே பக்கத்தில் தங்கிவிட்டால் சிக்கல். நேரம் ஒதுக்குவது இந்தப் போய்வருதலை எளிதாக்கும்: இந்த அரைமணி அவருக்கு, பிறகு கடைக்குப் போக வேண்டும், பில் கட்ட வேண்டும்.

எழுதிப் பார்க்க விரும்பினால் ஒரு நோட்டு வாங்கி, அவரை நேரே கூப்பிட்டு எழுதுங்கள். "அப்பா, நீ சொன்ன மாதிரியே அந்தப் பைப் மறுபடி ஒழுகுது." இப்படி. "அன்புள்ள அப்பா, தாங்கள் எங்களைவிட்டுப் பிரிந்து" என்று ஆரம்பித்தால் இரங்கல் கூட்டத் தீர்மானம் மாதிரி ஆகிவிடும். உயிரோடு இருந்தபோது பேசிய பேச்சிலேயே எழுதுங்கள். செய்தி சொல்லுங்கள், புலம்புங்கள், திட்டுங்கள். நேரம் முடிந்ததும் நோட்டை மூடி ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்துவிடுங்கள்.

பதில் எங்கிருந்து வரும்? ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த குடும்ப சிகிச்சையாளர் மைக்கேல் வைட் 1988-லேயே இதற்கு ஒரு வழி எழுதினார். துக்கத்தில் தேங்கிப்போனவர்களிடம் "விடை கொடுங்கள்" என்று சொல்லாமல், இறந்தவரை மறுபடி வரவேற்கச் சொன்னார். அவர் கேட்ட கேள்விகளின் போக்கு இதுதான்: இப்போது அவர் கண்ணால் உங்களைப் பார்த்தால் என்ன தெரியும்? உங்களிடம் அவருக்குப் பிடித்தது எது? அது உங்களுக்கு ஞாபகம் இருந்தால் நாளைய நாள் எப்படி மாறும்? ஒரு கேள்விக்கு ஒருநாள் என்று எடுத்துக்கொண்டு நோட்டில் எழுதிப் பாருங்கள். "அவர் இருந்தால் என்ன சொல்வார்" என்று யோசிப்பதைவிட இது ஆழமாகப் போகும். முன்னதற்கு நமக்கு வசதியான பதிலையே அவர் வாயில் வைத்துவிடுவோம்.

ஜப்பானின் ஓட்சுச்சி நகரில் இத்தாரு சசாக்கி என்பவர், இறந்துபோன தன் உறவினரோடு பேசுவதற்காக 2010-ல் தோட்டத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு வைத்தார். உள்ளே இருக்கும் போனில் எந்த இணைப்பும் இல்லை. 2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் வந்து அதில் பேசிவிட்டுப் போனார்கள். இணைப்பு இல்லை என்று தெரிந்தேதான் வந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பேசிவிட்டு வெளியே வர ஒரு இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

கதைகளைக் கேட்டு வாங்குங்கள்

உங்களுக்குத் தெரிந்தது அவருடைய ஒரு பக்கம்தான். மகனுக்குத் தெரிந்த அம்மா வேறு, அவளோடு இருபது வருஷம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்குத் தெரிந்த பெண் வேறு. இறந்த பிறகும் ஒருவரைப் புதிதாகத் தெரிந்துகொள்ள முடியும் என்பது இந்த உறவின் ஆச்சரியமான பகுதி.

கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது. "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்று பதில் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சின்னதாகக் கேளுங்கள். அவர் உங்களோடு கடைசியாகச் சண்டை போட்டது எதற்கு? கையில் காசு இல்லாத காலத்தில் என்ன செய்தார்? யாரைக் கண்டால் அவருக்கு ஆகாது? எந்தப் பொய்யை அடிக்கடி சொல்வார்? இப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அதை ஏன் கேக்கறே" என்று ஆரம்பிப்பார். அனுமதி கேட்டுவிட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். வயதானவர்களிடம் முதலில் போங்கள்.

முழு ஆளாக வைத்திருங்கள்

இறந்ததும் எல்லோரும் உத்தமர் ஆகிவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் படத்துக்குள் போன உத்தமரோடு யாராலும் பேசிக்கொண்டிருக்க முடியாது. அவருடைய முன்கோபம், கஞ்சத்தனம், ஒரே கதையை நூறு தடவை சொல்லும் பழக்கம், எல்லாமும் சேர்ந்துதான் அவர். அவற்றை நினைத்துச் சிரிப்பது, எரிச்சல்படுவது எதுவும் மரியாதைக் குறைவு இல்லை.

உறவே கசப்பாக இருந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அடித்த தகப்பன், பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன், மன்னிப்புக் கேட்காமலே போன கணவர் என்று யாராக இருந்தாலும், இறந்துவிட்டார் என்பதற்காகக் கோபத்தை வாபஸ் வாங்க வேண்டியதில்லை. தொடர்பு வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஒரு நியாயமான முடிவு. தொடர விரும்பினால், எந்தப் பகுதியை வைத்துக்கொள்வது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அவர் கற்றுக்கொடுத்த வேலையை வைத்துக்கொண்டு, அவர் குரலை விட்டுவிடலாம். காலி நாற்காலியை எதிரே போட்டு, சொல்லாமல் விட்டதைச் சொல்லும் ஒரு முறையை ஆலோசகர்கள் பயன்படுத்துவார்கள். ஆறாத காயம் இருந்தால் அதைத் தனியாக முயலாமல் ஒரு ஆலோசகர் முன்னால் செய்யுங்கள்.

சாமான்கள்

அவசரப்பட வேண்டாம், அதே நேரம் எல்லாவற்றையும் வைத்திருக்கவும் முடியாது. மூன்று பெட்டி போதும்: வைத்திருப்பது, கொடுப்பது, இப்போதைக்குத் தெரியாது. மூன்றாவது பெட்டியை ஒட்டி மூடி, திறக்க வேண்டிய மாதத்தை மேலே எழுதுங்கள். அவர் உடுத்திய துணி ஒன்றைத் துவைக்காமல், காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள். வாசனை கொஞ்ச காலம் நிற்கும், வேண்டாம் என்று தோன்றினால் பிறகு துவைத்துக்கொள்ளலாம்.

கையெழுத்து கண்ணில் பட்டால் விடாதீர்கள். "கரண்ட் பில் கட்டியாச்சு" என்று நோட்டின் ஓரத்தில் கிறுக்கி, அடியில் இரண்டு கோடு போட்டிருப்பார். சட்டம் போட்டு மாட்டுவதற்கு அதைவிட நல்லது கிடைக்காது.

அவருடைய ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்

என்னைக் கேட்டால், நீண்ட நாள் நிற்கும் தொடர்பு இதுதான். படத்தைப் பார்ப்பது குறையும், நோட்டில் எழுதுவது குறையும். கையால் செய்வது நிற்கும். எல்லோருடைய பிறந்தநாளையும் ஞாபகம் வைத்து போன் செய்பவர் அவர்தான் என்றால், இனி நீங்கள் செய்யுங்கள். செடிக்குத் தண்ணீர் விடுவது, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லித் தருவது, பாதியில் நிற்கும் ஒரு தையல் வேலை, எதுவானாலும் சரி. ஒன்றே ஒன்று. அவர் வாழ்க்கை முழுவதையும் சுமக்க ஆரம்பித்தால் உங்களுடையது எங்கே போகும்? அவர் ஆசைப்பட்டார் என்பதற்காகப் பிடிக்காத படிப்பில் சேர்வதும், பிடிக்காத தொழிலைக் கட்டிக்கொண்டு அழுவதும் இதில் சேராது.

பிறந்தநாள், இறந்த நாள் இரண்டுக்கும் முன்கூட்டியே ஏதாவது திட்டம் போட்டு வையுங்கள். அந்த நாளைவிட அதற்கு முந்தைய வாரம்தான் பலரையும் படுத்தும்.

வீட்டில் மற்றவர்கள்

ஒரே வீட்டில் ஒருவர் படத்தை ஹாலில் மாட்டச் சொல்வார், இன்னொருவர் பார்க்கவே முடியாமல் அறையைவிட்டுப் போவார். இரண்டு பேருடைய துக்கமும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். பொது இடத்தில் எல்லோருக்கும் ஒத்துவருவது, தனி அறையில் அவரவர் விருப்பம் என்று பேசி முடிவு செய்துகொள்ளலாம். மறுமணம் செய்துகொண்டவர்கள் புதுத் துணையிடம் இதை ஆரம்பத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. ஒளித்து வைத்த படம்தான் பிரச்சினையைக் கொண்டுவரும்.

குழந்தைகள் விஷயத்தில் பெரியவர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். சில்வர்மனும் வோர்டனும் சேர்ந்து, அம்மாவையோ அப்பாவையோ இழந்த 125 பிள்ளைகளிடம் பேசினார்கள்; 6 முதல் 17 வயது வரை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பெற்றோரோடு ஏதோ ஒரு வகையில் பேசிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலானோர் அவருடைய பொருள் ஒன்றைத் தங்களோடு வைத்திருந்தார்கள். எனவே பிள்ளை பேசினால் தடுக்காதீர்கள். அவனுக்கே சொந்தமாக ஒரு பொருளைக் கொடுங்கள், அலமாரியில் பூட்டி வைத்துப் "பெரியவன் ஆனதும் தர்றேன்" என்று சொல்லாதீர்கள். அதே சமயம் "தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லவும் வேண்டாம். இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார், ஆனால் நாம் அவரைப் பற்றிப் பேசலாம். இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் இருப்பது போலத் தோன்றினால்

காலடிச் சத்தம், கதவருகே ஒரு நிழல், பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஒரு குரல். பலரும் "எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ" என்று பயந்து வாயே திறப்பதில்லை. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ் தம் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971-ல் முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படிப்பட்ட அனுபவம் இருந்தது. பெரும்பாலானவர்கள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பயந்தவர்களைவிட ஆறுதல் அடைந்தவர்களே அதிகம். அது என்ன என்பதற்கு அவரவர் நம்பிக்கைப்படி விளக்கம் வைத்துக்கொள்ளலாம். வந்ததே என்று பதற வேண்டாம். அந்தக் குரல் உங்களைக் குற்றம் சாட்டினாலோ, ஏதாவது செய்யச் சொல்லி ஏவினாலோ, அப்போது மருத்துவரிடம் போக வேண்டும்.

இறந்தவரின் செய்திகளையும் குரலையும் கொடுத்தால் அவரைப் போலவே பேசும் ஏஐ செயலிகள் இப்போது வந்துவிட்டன. முதல் சில மாதங்களுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். நோட்டில் எழுதும்போது அவர் பதிலை உங்கள் ஞாபகத்திலிருந்து எடுக்கிறீர்கள். செயலி, அவர் ஒருநாளும் சொல்லியிராததை அவர் குரலில் சொல்லும், சில காலம் போனால் எது அவர் சொன்னது, எது அது சொன்னது என்பதே குழம்பிவிடும். அதோடு மாதச் சந்தா நிற்கிற அன்று இன்னொரு தடவை இழக்க வேண்டியிருக்கும்.

எப்போது உதவி தேட வேண்டும்

தொடர்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை: அவரோடு இருந்துவிட்டு வந்த பிறகு மற்ற மனிதர்களோடு பழக முடிகிறதா? வேலை, தூக்கம், சாப்பாடு நடக்கிறதா? அழுதாலும் பரவாயில்லை, எழுந்து அடுத்த வேலைக்குப் போக முடிந்தால் போதும். இறந்த அன்றைய காலண்டரைக்கூடக் கிழிக்க விடாமல், அறைக்குள் யாரையும் நுழைய விடாமல், அவர் திரும்பி வருவார் என்று நாட்கள் போனால் அது வேறு.

தீராத ஏக்கம் கிட்டத்தட்ட தினமும் அதே வேகத்தில் வருவது, இறந்ததை நம்பவே முடியாமல் இருப்பது, எதிலும் அர்த்தமே இல்லாமல் மரத்துப்போவது, இவை நீண்டகாலம் நீடித்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால் "நீடித்த துக்கக் கோளாறு" என்று மருத்துவத்தில் பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதற்குக் குறைந்தது 6 மாதம் என்று வைக்கிறது. அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் 2022-ல் தன் கையேட்டில் சேர்த்தபோது பெரியவர்களுக்கு 12 மாதம், சிறுவர்களுக்கு 6 மாதம் என்று வைத்தது. இதற்கென்றே உரையாடல் சிகிச்சை இருக்கிறது, பலனும் தருகிறது. "நானும் அவரிடமே போய்விட வேண்டும்" என்ற எண்ணம் வந்தால் மட்டும் எந்த மாதக் கணக்கும் பார்க்காதீர்கள். அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், மருத்துவமனைக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ போன் செய்யுங்கள்.

ஆலோசகரை முதல்முறை பார்க்கும்போது எப்போது, எப்படி இறந்தார், இப்போது தூக்கம் எப்படி என்பதோடு, அவரோடு பேசுவதையும் எழுதுவதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். நோட்டையே எடுத்துக்கொண்டு போனாலும் சரிதான். "அதையெல்லாம் விட்டுட்டு வேற வேலையைப் பாருங்க" என்று முதல் பேச்சிலேயே சொல்பவராக இருந்தால், வேறொரு ஆலோசகரிடம் நேரம் கேளுங்கள்.